மன்மத வருஷமும் எஃப் எழுத்தும்

தாத்தாவின் தங்க வாட்சைத் திறந்து பார்த்த அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. திருச்சியில் பெரிய கடை வீதியை ஒட்டிய ஒரு சந்து. இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் வாட்ச் ரிப்பேர் கடை. கடைக்கார பாய் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மழுங்கிய கத்தி ஒன்றைப் பின்மூடியின் இடுக்கில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். 'டப்' என்று சத்தம். மூடியைக் கவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"பாருங்க தம்பி, உங்க தாத்தா வாட்சோட ஜாதகம் இதுல இருக்கு."

பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். வெளிப்பக்கம் அறுபது எழுபது வருஷம் மணிக்கட்டிலும் சட்டைக் கையிலும் உரசித் தேய்ந்திருந்தது. உள்பக்கமோ நேற்றுத்தான் பட்டறையிலிருந்து வந்ததுபோல் பளபளத்தது. நடுவில் ஆங்கிலத்தில் டென்னிசன் என்று ஒரு பெயர், இங்கிலாந்தில் செய்தது என்று ஒரு வரி, 13322 என்று ஓர் எண். அதன் கீழே நாலு சின்ன முத்திரைகள்: ஒரு 9, ஒரு .375, ஒரு நங்கூரம், ஓர் எஃப் எழுத்து. ஒவ்வொன்றும் கேழ்வரகு மணி அளவுதான் இருக்கும். பாய் தன் லென்ஸைக் கழற்றிக் கொடுத்தார். கண்ணில் வைத்துப் பார்த்தேன். அந்த நங்கூரத்தின் கொக்கிகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வழக்குக்கு அந்த நாலு முத்திரைக்குள் தீர்ப்பு எழுதியிருந்தது.

வழக்கு இதுதான். தாத்தா மலாயாவில், பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். 1961இல் ரஜூலா கப்பலில் குடும்பத்தோடு நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது அவர் கையில் இந்த வாட்ச் இருந்தது. அதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அது எப்போது, எப்படி வந்தது என்பதில்தான் தகராறு. "நான் பொறந்த சந்தோஷத்துல அப்பா பினாங்குல வாங்கினது" என்பார் என் அப்பா. அவர் பிறந்தது 1949. "போண்ணே, அது என் வருஷத்து வாட்சு. துரை லீவு முடிஞ்சு சீமையிலேருந்து வந்தப்போ கொண்டாந்து குடுத்தது. எனக்குப் பேரு வெச்ச வாரம்னு அம்மா சொல்லுவாங்க" என்பார் அத்தை. ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்தப் பேச்சு வரும். தாத்தா, ஆச்சி இரண்டு பேரும் போன பிறகு சாட்சி சொல்ல ஆளில்லை. போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். பீரோவில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள், பஞ்சு சுற்றி அவர் வைத்திருந்த வாட்ச் என்னிடம் வந்தது.

முதலில் நான் போனது நகைக்கடைக்கு. வாட்சைத் தங்கமாகத்தான் அப்போது எனக்குத் தெரியும். உரைகல்லில் ஓர் இழை இழைத்துப் பார்த்தவர் முகம் சுளித்தார். "மாத்து ரொம்பக் கம்மி சார். ஒம்பது கேரட்டு. உள்ள இருக்கிற மிஷினைத் தூக்கிப் போட்டுட்டு, கூட்டை மட்டும் எடை போட்டு எடுத்துக்கிறேன்" என்றார். நல்ல மனுஷர்தான், அவர் தொழில் அது. ஆனால் 'தூக்கிப் போட்டுட்டு' என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வாட்சை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வீம்பில்தான் பாயிடம் போனேன். போனது என் பாக்கியம்.

இனி அந்த நாலு முத்திரைக்கு வருகிறேன். இதை யாரிடமாவது விரிவாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நம் ஊர் நகையில் 916 என்று பார்க்கிறோம். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 கேரட். அதே கணக்கில் .375 என்றால் ஆயிரத்தில் 375 பங்கு, 9 கேரட். இங்கிலாந்தில் 1854லிருந்து 9 கேரட் சட்டப்படி தங்கம். அங்கே அதை யாரும் மட்டமாக நினைப்பதில்லை. தினமும் கையில் கட்டுகிற பொருளுக்கு உறுதி வேண்டும். மாற்று கூடக்கூடத் தங்கம் மிருதுவாகிவிடும். தோட்டத்து வெயிலிலும் ரப்பர்ப் பால் வாடையிலும் வருஷக்கணக்காகக் கையில் கிடந்த கூடு நசுங்காமல் வந்திருக்கிறதென்றால், அது 9 கேரட் என்பதால்தான். நகைக்கடையில் குறையாகத் தெரிந்த அந்த எண் இப்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அடுத்தது நங்கூரம். இந்த நங்கூரத்தின் மேல் எனக்குக் காதலே வந்துவிட்டது. அது பர்மிங்காம் நகரத்துத் தங்கச் சோதனை அலுவலகத்தின் அடையாளம். பர்மிங்காமுக்குக் கடலே கிடையாது, இங்கிலாந்தின் நடுவயிற்றில் இருக்கும் ஊர். பின் நங்கூரம் எப்படி வந்தது? 1773இல் பர்மிங்காம், ஷெஃபீல்டு இரண்டு ஊரும் தங்களுக்கென்று சோதனை அலுவலகம் கேட்டுச் சட்டம் வாங்கின. அதற்காக லண்டன் வந்தவர்கள் கூடிப் பேசிய விடுதியின் பெயர் 'கிரீடமும் நங்கூரமும்'. அந்தப் பெயரிலிருந்தே ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஷெஃபீல்டுக்குக் கிரீடம், பர்மிங்காமுக்கு நங்கூரம். சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். கோட்டை இருந்தால் எடின்பரோ. இப்படி ஊருக்கு ஒரு சின்னம்.

கடைசியாக அந்த எஃப். இங்கிலாந்தில் 1478லிருந்து தங்கம், வெள்ளிச் சாமான்களில் வருஷத்துக்கு ஓர் எழுத்து குத்துகிறார்கள். யார் சோதித்தது, எப்போது சோதித்தது என்று பின்னால் பிடிப்பதற்காக வந்த ஏற்பாடு. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஒரே வழக்கம்! பர்மிங்காமில் 1950க்கு ஏ, 1951க்கு பி என்று தொடங்கி வரிசையாக எண்ணினால், எஃப் வருவது 1955க்கு. ஐ எழுத்தை விட்டுவிடுவதால் 25 வருஷத்துக்கு ஒரு சுற்று. அப்படியானால் அதற்கு முந்தைய சுற்றில் 1930க்கும் ஓர் எஃப் உண்டு. இரண்டுக்கும் கட்டத்தின் வடிவம் வேறு என்றாலும், கேழ்வரகு அளவில் பார்க்கும்போது பழகாத கண்ணுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. 1930ஆ, 1955ஆ? அதைத் தீர்த்துவைத்தது எந்திரம்.

பாய் வாட்சைத் திருப்பி வைத்தார். செம்பும் ரோஜாவும் கலந்த நிறத்தில் ஓர் ஒமேகா எந்திரம். பழைய ஒமேகாவின் உள்ளழகைப் பார்க்காதவர்களுக்கு அந்த நிறத்தை எப்படிச் சொல்வேன்? மாலை வெயில் பட்ட செப்புக் குடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான். அதன் மேல் 266 என்ற எண், பதினேழு கல் என்ற குறிப்பு, எட்டு இலக்கத்தில் ஒரு வரிசை எண். ஒரு கோடியே நாற்பத்தாறு லட்சத்தில் வருகிறது அது.

266 என்பது ஒமேகாவின் புகழ்பெற்ற 30 மில்லிமீட்டர் குடும்பத்துப் பிள்ளை. எந்திரத்தின் விட்டம் 30 மில்லிமீட்டர், அதனால் அந்தப் பெயர். இந்தக் குடும்பம் பிறந்தது 1939இல், செய்வதை நிறுத்தியது 1963இல். இடையில் சுமார் முப்பது லட்சம் செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களுக்காகப் பன்னிரண்டு சுவிஸ் கம்பெனிகளிடம் வாட்ச் செய்யச் சொன்னது. அதில் ஒமேகாவும் ஒன்று. அதற்குள் வைத்ததும் இந்தக் குடும்பத்து எந்திரம்தான். போர்க்களத்துக்கு அனுப்பிய எந்திரத்தின் தம்பி, எங்கள் தாத்தாவின் கையில் தோட்டத்து ஆட்களின் வருகை எழுதும் செக்ரோல் புத்தகத்தின் மேல் ஓடியிருக்கிறது!

ஆக, 1939க்கு முன்னால் இந்த எந்திரமே இல்லை. 1930 அடிபட்டுப் போயிற்று. கூடு செய்த டென்னிசன் கம்பெனி 1967இல் மூடப்பட்டுவிட்டது, அதனால் பிந்தைய சுற்றுக்கும் வழியில்லை. வரிசை எண்ணும் கைகொடுத்தது. சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பட்டியல்படி ஒமேகாவின் எண் ஒரு கோடியே நாற்பது லட்சத்தைத் தொட்டது 1954 வாக்கில். ஒரு கோடியே ஐம்பது லட்சம் 1956 வாக்கில். எங்களுடையது இரண்டுக்கும் நடுவில். வரிசை எண் தோராயமாகத்தான் பேசும், முன்னே பின்னே ஒரு வருஷம் தள்ளும். முத்திரை எழுத்து அப்படியில்லை. சோதனை அலுவலகத்தில் குத்தியது குத்தியதுதான். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டியபோது பாய் கடையில் நின்றுகொண்டே நான் கைதட்டிவிட்டேன்.

சுவிட்சர்லாந்து எந்திரத்துக்கு எதற்காக இங்கிலாந்துக் கூடு என்று உங்களுக்குத் தோன்றலாம். தங்கக் கூட்டோடு இறக்குமதி செய்தால் வரி தாங்காது. அதனால் சுவிட்சர்லாந்தின் பியல் நகரத்திலிருந்து எந்திரத்தையும் டயலையும் மட்டும் வரவழைத்து, பர்மிங்காமில் கூடு செய்து பூட்டினார்கள். ஒமேகாவுக்கு மட்டுமல்ல, ரோலக்ஸ், லாஞ்ஜீன்ஸ் போன்றவற்றுக்கும் டென்னிசன் கூடு உண்டு. அந்தக் கம்பெனியின் மூலவர் ஆரன் டென்னிசன் ஓர் அமெரிக்கர். வால்தம் கடிகாரக் கம்பெனிக்கு வித்திட்டவர், பிறகு இங்கிலாந்து வந்து கூடு செய்யும் தொழிலில் இறங்கினார். சுவிஸ் எந்திரம், அமெரிக்கர் தொடங்கிய பட்டறையின் பர்மிங்காம் கூடு, மலாயாத் தோட்டத்துத் தமிழ்க் கிராணியின் கை. இத்தனை தூரத்தையும் ஒரு நெல்லிக்காய் கனத்தில் அடக்கி வைத்திருக்கிறது இந்த வாட்ச்.

இப்படிக் கூடு பூட்டியவை பெரும்பாலும் பிரிட்டனில் விற்பதற்கென்றே செய்தவை. 'சீமையிலேருந்து துரை கொண்டாந்தது' என்ற அத்தையின் பேச்சு அப்போதுதான் என் காதில் திரும்ப ஒலித்தது.

அன்று ராத்திரியே அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தை, உங்க ஜாதகம் கையில இருக்கா?"

"இந்த வயசுல எனக்கு ஜாதகம் எதுக்குடா?"

"எடுத்து வருஷம் மாசம் மட்டும் படிங்க."

தேடி எடுத்துவரக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆச்சியின் அண்ணன் மலாயாவிலேயே எழுதிக் கொடுத்த நோட்டு அது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "மன்மத வருஷம்... பங்குனி மாசம்..."

மன்மத வருஷம் 1955 ஏப்ரலில் பிறந்து 1956 ஏப்ரலில் முடிந்தது. பர்மிங்காமில் அந்தக் காலத்தில் எழுத்து மாறுவது ஜனவரியில் இல்லை, ஜூலையில். எஃப் என்றால் 1955 ஜூலையிலிருந்து 1956 ஜூன் வரை. நம் பஞ்சாங்கமும் அவர்கள் முத்திரையும் இரண்டுமே ஜனவரியைக் கணக்கில் எடுக்காதவை என்பதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மன்மத வருஷமும் எஃப் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதங்கள் 1955 ஜூலை முதல் 1956 ஏப்ரல் வரை. அத்தை பிறந்தது அதன் கடைசியில், பங்குனியில். வாட்ச் கப்பலேறி வந்து சேர அவகாசம் இருந்திருக்கிறது. 1949க்கு வாய்ப்பே இல்லை. அப்போது இந்தக் கூட்டுக்குத் தங்கத் தகடே வெட்டியிருக்க மாட்டார்கள்.

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அண்ணன் இருந்து கேட்டிருக்கணும்டா" என்றார். அவ்வளவுதான். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன்.

இதற்குப் பிறகு வாட்சைச் சும்மா விடுவேனா? பாய் முழுதாகப் பிரித்துக் கழுவி, எண்ணெய் போட்டு, மெயின்ஸ்பிரிங் மட்டும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். பேலன்ஸ் சக்கரத்தின் நடுக்கல்லை யாழ் வடிவத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங் பிடித்திருக்கும், இன்காப்ளாக் என்பார்கள். வாட்ச் கீழே விழுந்தாலும் அச்சு முறியாமல் காக்கிற ஏற்பாடு. அதைச் சாமணத்தால் அவர் தூக்கி, கழுவி, மறுபடி பூட்டியதை மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மூடியின் உள்ஓரத்தில் ஊசியால் கீறிய சின்ன எழுத்துகளையும் அவர்தான் காட்டினார். சர்வீஸ் செய்கிற ஒவ்வொருவரும் தன் அடையாளத்தையும் தேதியையும் இப்படிக் கீறி வைப்பார்களாம். மூன்று கீறல்கள் இருந்தன. பழையதில் 62 என்று படிக்க முடிந்தது. தாத்தா ஊர் திரும்பிய மறு வருஷம்! நம் ஊர்ப் பட்டறை ஒன்றில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்திருப்பார். நாலாவதாகப் பாய் தன் கீறலைப் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

டயலை மட்டும் தொட வேண்டாம் என்று பாயே சொல்லிவிட்டார். தயிர் ஏடு மாதிரி பழுத்திருக்கிறது அது. பன்னிரண்டு பொன் கோடுகள், ஆறு மணி இடத்தில் சின்ன வட்டத்துக்குள் தனியாகச் சுற்றும் நொடி முள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடியின் நட்டநடுவில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, லாடம் போன்ற ஒமேகா குறி ஒன்று பொறித்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் எல்லோரையும் ஜன்னலோரம் கூப்பிட்டு ஒவ்வொருவராகப் பார்க்க வைத்தேன். இப்போது தினமும் காலை காபிக்கு முன்னால் சாவி கொடுக்கிறேன். நொடிக்கு ஐந்து துடிப்பு, மணிக்கு 18,000. தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் ராத்திரி முழுக்கக் கேட்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். சிங்கப்பூர், கொழும்பு, ரங்கூன் போய் வந்த குடும்பமென்றால் இருக்க வாய்ப்பு அதிகம். அது சுவிட்சர்லாந்திலேயே கூடு செய்ததாக இருந்தால் நங்கூரம் இருக்காது. 18 கேரட்டுக்கு ஹெல்வெஷியா என்ற பெண்ணின் தலை, 14 கேரட்டுக்கு அணில். 1995லிருந்து எல்லாவற்றுக்கும் செயின்ட் பெர்னார்டு நாயின் தலை. 0.750, 0.585 என்ற எண்களும் இருக்கும். பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றோ, 20 மைக்ரான் என்றோ எழுதியிருந்தால் அது தங்க முலாம். பட்டை கோக்கிற கொம்புகளின் ஓரம் தேய்ந்து வேறு உலோகம் எட்டிப் பார்த்தாலும் முலாம்தான். அதனால் என்ன, முலாம் வாட்சுக்கும் வயது உண்டு, எந்திர எண் உண்டு. டயலில் கடைப் பெயர் இருந்தால் அது இன்னும் ருசி. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டு பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த டயல் ஒன்றைப் பாய் கடையில் பார்த்துவிட்டு அரை மணி நேரம் நகராமல் நின்றேன்.

இருட்டில் ஒளிரும் எண்கள் உள்ள பழைய டயலை மட்டும் வீட்டில் வைத்து நோண்டாதீர்கள். 1960க்கு முந்தையவற்றில் அது ரேடியமாக இருக்கும், தூள் உள்ளே போகக் கூடாது. பாலிஷ் போடச் சொல்லாதீர்கள், மூடியில் பொறித்த எழுத்தெல்லாம் அதில்தான் அழிகிறது. டயலுக்குப் புது வர்ணம் அடிக்கச் சொல்லாதீர்கள்.

எடை போட்டு விற்பது எப்போது வேண்டுமானாலும் முடியும். உருக்கினால் முத்திரை திரும்பி வராது. விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, கை பழகிய ஒரு வாட்ச்காரரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மூத்தவர்கள் இருக்கும்போதே திறக்கச் சொல்லுங்கள்.